சொம்புத் தண்ணீருக்கு நன்றி

வியாசர்பாடி, காசிமேட்டு மக்களுக்கு,

மூன்று வருஷம் உங்கள் தெருக்களில் கள வேலை பார்த்துவிட்டு, இந்த மாதக் கடைசியில் திருச்சிக்குக் கிளம்புகிறேன். நன்றி கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

சமூகப்பணிப் படிப்பில் ‘பண்பாட்டுத் திறன்’ என்று, வேறு பண்பாட்டு மக்களைப் புரிந்துகொண்டு வேலை பார்ப்பது பற்றி ஒரு பாடம் படித்தேன். ஆசியக் குடும்பங்களில் பெரியவர் சொல்தான் முடிவு, வீட்டு விஷயத்தை வெளியே பேசமாட்டார்கள் என்று சீனர், கொரியர், தமிழர் எல்லாரையும் ஒரே பத்தியில் முடித்திருந்தார்கள். நாமும் தமிழ்தானே, நமக்கு எதற்கு என்று பரீட்சையோடு மறந்துவிட்டேன்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். வியாசர்பாடியில் ஓர் ஆயா சொம்பில் தண்ணீர் நீட்டினார். போகிற வீட்டில் எதுவும் வாங்கக் கூடாது என்பது அலுவலக விதி. “வேண்டாம் ஆயா” என்றேன். முகம் மாறிவிட்டது. அப்புறம் கேட்ட எதற்கும் பதில் இல்லை. எதிர்வீட்டு அக்காதான் தெருமுனை வரை கூடவே வந்து, “எங்க கையால தண்ணி வாங்காதவங்கள நாங்க நிறைய பாத்துட்டோம்மா” என்றார். சாதி என் மனசில் இல்லைதான். அது ஆயாவுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் போய் நானே தண்ணீர் கேட்டேன். “நேத்து தாகம் எடுக்கலியா?” என்றார் ஆயா. அந்தக் கேள்விக்கும், அதற்குப் பிறகு பேசிய இரண்டு மணி நேரத்துக்கும் நன்றி. அந்த அக்காவுக்கு இன்னும் ஒரு பங்கு கூட.

1998இல் மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், திறன் என்று சொல்லாமல் ‘பண்பாட்டுப் பணிவு’ என்று எழுதினார்கள். கற்று முடித்துவிட்டோம் என்று நினைக்காதே என்பதுதான் அதன் சாரம். அதை நான் தேடிப் படித்ததே ஆயா கேட்ட பிறகுதான்.

பர்மா தாத்தா, சொந்த ஊர் ரங்கூன் என்று நீங்கள் சொல்ல, “தமிழ்நாட்டில் எந்த ஊர்?” என்று மூன்று தடவை குடைந்தேன். கடையை அரசாங்கம் எடுத்துக்கொள்ள, 1964இல் வெறுங்கையோடு கப்பலேறிய கதையை அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னீர்கள். படிவத்தில் ரங்கூன் என்றே எழுதினேன். மேலிடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டார்கள். போடட்டும்.

காசிமேட்டு அம்மாக்களே, நீங்கள் விடியும் முன்பே ஏலத்துக்குப் போய், கூடையோடு தெருத்தெருவாக அலையும் நேரத்தில் நான் பத்து மணிக்குக் கூட்டம் போட்டுக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் குழுக் கடன் தவணை கேட்டு வந்து நின்றவளும் நான்தான். திட்டாமல் காலண்டரை எடுத்துக் காட்டினீர்களே, அதற்கு நன்றி.

ஆடியில் கூழ் ஊற்றும்போது வருவேன். கருவாட்டுக் குழம்பு எனக்கும் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள்.