ஒரு வருடத்துக்கென்று வந்தவன்

ஸ்காபரோ, கனடா
23.06.2019

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. தொலைபேசியில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று காது கொடுப்பார், அதனால் எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தீர்கள். காணி விடயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த வாரத்தில் தினமும் எடுத்தேன். பிறகு மே மாதம் முழுவதும் இரண்டே தடவை. நீங்கள் திட்டியது நியாயம்தான். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். கூடைப்பந்து.

விளையாடப் போகவில்லை, பயப்படவேண்டாம். பார்ப்பதுதான். தொழிற்சாலையில் பெப்ரவரியிலிருந்து இரவு வேலையைக் குறைத்துவிட்டார்கள். மாலை நேரம் தாராளமாகக் கிடைக்கிறது, உடம்புக்கும் நல்லது. புது இருப்பிடமும் வசதிதான். நிலவறை என்றால் இருட்டு என்று அம்மா நினைப்பார். பனிக்காலத்தில் மேலே இருப்பவர்களைவிட எனக்குத்தான் கணகணப்பு, வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் என் கட்டிலுக்கு அருகில்தான் இருக்கிறது. தொலைக்காட்சி வாங்கவில்லை, இடத்தை அடைக்கும். மேல்தளத்து மணிலாக்காரரிடம் பெரிதாக ஒன்று இருக்கிறது.

அவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், என் செருப்பை ஒழுங்காக அடுக்கிவைக்கும் அந்தக் கிழவர்தான். எழுபது தாண்டிவிட்டது. பிலிப்பைன்ஸ்காரர்களுக்குக் கூடைப்பந்து என்றால் நம் ஆட்களுக்குக் கிரிக்கெட் மாதிரி. இந்த ஊர் அணியான ராப்ரர்ஸை, அது தொடங்கிய 1995ஆம் ஆண்டிலிருந்தே பார்த்து வருகிறார். ஏப்ரல் நடுவில் வட அமெரிக்காவின் என்.பி.ஏ. கிண்ணத்துக்கான சுற்றுகள் தொடங்கிய நாள் முதல் அவர் ஒரே சட்டையைத்தான் போட்டார், துவைக்கவும் இல்லை. பத்தாம் இலக்கச் சட்டை, டெமார் டெரோசன் என்பவருடையது. வேடிக்கை என்னவென்றால் டெரோசன் இப்போது இந்த அணியிலேயே இல்லை.

அந்தக் கதையைக் கேளுங்கள். டெரோசன் ஒன்பது வருடம் இங்கே விளையாடினார். இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று இருந்தவர். போன வருடம் ஜூலையில் அவரை சான் அன்ரோனியோ அணிக்கு மாற்றிவிட்டு, பதிலாகக் கவாய் லெனர்ட் என்பவரைக் கொண்டுவந்தார்கள். கவாய் கலிபோர்னியாக்காரர், பேசமாட்டார், சிரிக்கமாட்டார். ஒப்பந்தப்படி அவர் இங்கே இருந்தாகவேண்டியது ஒரே ஒரு வருடம். 82 ஆட்டங்களில் 60 தான் ஆடினார், மற்ற நாட்களில் பெரும்பாலும் ஓய்வு. “நான் ஒரு நாள் போகாவிட்டால் சம்பளத்தில் வெட்டினார்கள், இவனுக்கு ஓய்வும் உண்டு சம்பளமும் உண்டு” என்று கிழவர் பனிக்காலம் முழுவதும் புறுபுறுத்தார். நான் கோழிக்கறியைச் சாப்பிட்டுக்கொண்டு தலையாட்டினேன். அவர் கோழியை வினாகிரியிலும் சோயா சோஸிலும் அவிப்பார். மிளகாய்த் தூளே கிடையாது. முதலில் முகம் சுளித்தேன், இப்போது வாரத்தில் மூன்று நாள் அதுதான்.

மே 12 இரவு நடந்ததை மட்டும் விரிவாக எழுதவேண்டும். பிலடெல்பியா அணியுடன் கடைசியான ஏழாவது ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 90க்கு 90, நான்கு வினாடி மிச்சம். கவாய் பந்தை எடுத்துக்கொண்டு வலது மூலைவரைக்கும் ஓடி, தன்னைவிடப் பெரிய ஒருவனின் கைக்கு மேலால் எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. அது வளையத்தில் விழுந்து எழும்பியது. திரும்ப விழுந்து எழும்பியது. நான்கு முறை, அக்கா! நான்காவது முறைக்குப் பிறகு உள்ளே போனது. அரங்கில் இருபதாயிரம் பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு “சொல்லு, சொல்லு” என்றார். நான் சொல்லவில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

எனக்கு ஞாபகம் வந்தது உங்கள் வலைப்பந்து. கிணற்றடித் தென்னையில் அப்பா பீப்பாய் வளையத்தை அடித்துத் தந்தாரே, அதில் பந்து தட்டும் சத்தம். வலய மட்டப் போட்டியில் உங்கள் கடைசிப் பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்ததும், நான் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தபடி நின்றதும், வரும் வழியெல்லாம் நீங்கள் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததும். உங்களுக்கு வளையத்தின் பின்னால் பலகை இல்லை, இவர்களுக்கு இருக்கிறது. உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான், பத்து அடி. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஒன்ராறியோவில் பிறந்தவர். ஆனால் 1891 இல் அமெரிக்காவுக்குப் போய்த்தான் கண்டுபிடித்தார். உங்கள் வலைப்பந்து அதிலிருந்து வந்ததுதான். அன்றைக்கு இங்கே அன்னையர் தினம். ஆட்டம் தொடங்கும் முன்பு அம்மாவுக்கு எடுக்க நினைத்தேன். அங்கே விடிந்திருக்கவில்லை. பிறகு எடுக்கவும் இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஐந்தாவது ஆட்டத்தில் அவர்களுடைய கெவின் டுராண்ட் காலில் அடிபட்டு விழுந்தபோது நம் அரங்கில் சிலர் கைதட்டினார்கள். நம் ஆட்டக்காரர்களே கையைக் காட்டி அடக்கவேண்டி இருந்தது. கிழவர் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். அந்த ஆட்டத்தில் நம் ஆட்கள் ஒரு புள்ளியால் தோற்றார்கள்; நன்றாக வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. இந்த மாதம் 13ஆம் திகதி வாரியர்ஸின் ஊரிலேயே 114க்கு 110 என்று வென்று நம் ஆட்கள் சம்பியன் ஆனார்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள அணி அந்தக் கிண்ணத்தை எடுத்தது இதுவே முதல் தடவை. எங்கள் தெருவில் நள்ளிரவில் சட்டி தட்டினார்கள். கிழவர் என்னைக் கட்டிப்பிடித்தார், அந்தச் சட்டையோடு.

17ஆம் திகதி ஊர்வலத்துக்கு இருவரும் போனோம். எனக்கு அன்று வேலை இல்லை. பத்து இலட்சத்துக்கு மேல் சனம் என்று செய்தியில் சொன்னார்கள். வண்டிகள் வந்துசேர மணிக்கணக்காகத் தாமதம், வெயிலில் கிழவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேர் காயப்பட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் வேறு தெருவில் நின்றோம். அம்மாவிடம் நான் போனதாகவே சொல்லவேண்டாம்.

இப்போது ஊர் முழுவதும் ஒரே பேச்சு: கவாய் இருப்பாரா, போவாரா? இருந்தால் காலம் முழுவதும் இலவசச் சாப்பாடு என்று உணவகங்கள் அறிவித்திருக்கின்றன. அவர் வாயே திறக்கவில்லை. போகட்டும் என்கிறார் கிழவர், அவனுக்குத் தாய் அங்கே இருக்கிறாள் என்கிறார். நீங்களும் “வருவாயா மாட்டாயா, ஒரு சொல்லில் எழுது” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் என்றுதானே சொல்லிவிட்டு வந்தேன். அவருக்காவது ஜூலை என்று ஒரு கெடு இருக்கிறது.

சரி, காணி. என் சார்பில் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்பச் சொன்னீர்கள். இங்கே ஒரு தமிழ்ச் சட்டத்தரணியிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த வாரம் கையொப்பமிட்டு அனுப்புவேன். தெருப்பக்கத் துண்டை அத்தான் நினைக்கிற விலைக்கே கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். காணி உறுதியின் பிரதியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், சித்தப்பாவிடம் கொடுக்கவேண்டாம். கிணற்றடிப் பக்கம் விற்கவேண்டாம். அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், அதற்காகச் சொல்கிறேன்.

கூரைக்கு அனுப்புகிறேன் என்ற காசு ஆடியில் அல்ல, ஆவணியில் வரும். இங்கே வங்கியில் ஏதோ தாமதம். அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு உள்ளதை இந்தக் கடிதத்துக்கு முன்பே அனுப்பிவிடுவேன், அதைத் தள்ளிப்போட வேண்டாம். வலது கண்ணா இடது கண்ணா என்று நீங்கள் எழுதவே இல்லை. மருமகள் பள்ளிக்கூட அணியில் சேர்ந்துவிட்டாளா? சப்பாத்து அளவைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி