சின்னக் குழந்தையின் மார்கழித் தூக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், பிள்ளைகளை எங்கெல்லாம் அழைத்துப் போகலாம் என்று நாளிதழ்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, தீவுத்திடல் பொருட்காட்சி, நந்தனம் புத்தகக் காட்சி என்று நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேரனும் தன் விடுமுறைக்குத் திட்டம் போட்டான். அவனுக்கு இரண்டு வயது இரண்டு மாதத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். பள்ளிக்கே போகாத அவளுக்கு விடுமுறை என்பது என்ன, டிசம்பர் கடைசி வாரத்தில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் போகும் இந்த நாட்கள் அவளை என்ன பாடுபடுத்துகின்றன என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. முப்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அந்தக் குழந்தையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். போகிக்கு இன்னும் சில நாட்களே இருப்பதால், இக்கடிதத்தை அதற்கு முன்பே வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் அவளுடைய நாள் ஓர் ஒழுங்கில் ஓடும். காலை ஆறரைக்கு எழுவாள். பால் குடித்துவிட்டு, மாடியில் துணி உலர்த்தப் போகும் என் பின்னாலேயே படியேறி வருவாள். எட்டரைக்கு இட்லி, பத்தரைக்குக் குளியல், பதினொன்றரைக்கு ரசம் சாதம். பன்னிரண்டு மணிக்கு என் பழைய நூல் புடவையில் கட்டிய தூளிக்குள் போய்விட்டால் இரண்டு மணி வரைக்கும் அசையமாட்டாள். மாலையில் மாநகராட்சிப் பூங்காவில் மணலை அள்ளி விளையாடிவிட்டு, அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து வந்ததும் அவர்களோடு சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவாள். இரவும் பகலுமாகச் சேர்த்தால் பதினொன்றரை மணி நேரத் தூக்கம். ஒரு வயதும் இரண்டு வயதுமான குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதாவது, எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளிலேயே எங்கள் குழந்தைக்குக் கிடைப்பது அந்த அளவின் கீழ்விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மணி நேரம் பறிபோனாலும் மறுநாள் முழுவதும் அது தெரிகிறது.

மார்கழி பிறந்ததும் அந்த ஒரு மணி நேரம் அல்ல, இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள ஒரு கோயிலில் காலை நாலரை மணிக்குக் கூம்பு ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கும். அந்தப் பாடல்களைக் கேட்டே வளர்ந்தவள் நான். அவை இல்லாத மார்கழியை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் முதல் நாளே குழந்தை திடுக்கிட்டு எழுந்து வீறிட்டு அழுதாள். பிறகு அழுகை நின்றுவிட்டது, நாலரைக்கு விழிப்பது மட்டும் வழக்கமாகிவிட்டது. எழுந்தவளை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாமல், தலையில் மங்கி குல்லாவைப் போட்டு வாசலுக்குத் தூக்கி வருவேன். இந்த மாதங்களில் சென்னையில் இரவு வெப்பநிலை சுமார் 20 அல்லது 21 டிகிரி செல்சியஸ் வரைதான் இறங்குகிறது என்றாலும், வியர்வையிலேயே வளரும் நம் ஊர்க் குழந்தைகளுக்கு அதுவே குளிர். நான் புள்ளி வைக்க வைக்க அவள் கோலப்பொடியைப் பிடியாக அள்ளி நடுவில் கொட்டிவிட்டு, "கோயம், கோயம்" என்று கைதட்டுவாள். அந்தக் கால்மணி நேரத்துக்காக நான் ஆண்டு முழுவதும் காத்திருக்கலாம். ஆயினும் ஒன்பது மணிக்கு அவள் இட்லியைத் தட்டிவிட்டுத் தரையில் புரண்டு அழும்போது, அந்த மகிழ்ச்சிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்துவிடுகிறது.

இந்த ஆண்டு கோயில் நிர்வாகக் குழுவினரை நேரில் போய்ப் பார்த்தேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுவதையும், குடியிருப்புப் பகுதிகளில் இரவில் ஒலியின் அளவு 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தாளை நான் நீட்டவே நேரவில்லை. குழந்தையின் வயதைக் கேட்ட பெரியவர் ஒருவர், கூம்பு ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு உட்பிரகாரத்தில் சிறிய பெட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று தாமே சொன்னார். மறுநாளே அப்படிச் செய்துவிட்டார்கள். பாட்டு நிற்கவில்லை, வாசலில் கோலம் போடும்போது காற்றில் மெல்லக் கேட்கிறது. பேத்தி இப்போது ஆறு மணிக்குத்தான் எழுகிறாள். எத்தனையோ தெருக்களில் இதே சிரமம் இருக்கும். கேட்டால் பகையாகிவிடுமோ என்று தயங்கும் பெற்றோர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எதிர் வீட்டார் கிறிஸ்தவர்கள். நவம்பர் கடைசியிலேயே அவர்கள் வாசலில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். அதைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே மாலைதோறும் குழந்தை என்னை இழுத்துக்கொண்டு போவாள். குடிலில் இருக்கும் பொம்மை ஆட்டுக்குட்டிக்கு ஒரு குல்குல்லைக் கொடுத்துவிட்டு, அது தின்னவில்லை என்று தானே தின்றுவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு முன்பு ஓர் இரவு பத்தரை மணியளவில் கீத பவனி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, அந்த வீட்டம்மாள் முன்னே ஓடிவந்து எங்கள் சன்னலைக் காட்டி ஏதோ சொன்னார். மேளத்தை நிறுத்திவிட்டு, வெறும் குரலில் பாடிக்கொண்டே இளைஞர்கள் கடந்து போனார்கள். அன்றைக்கு உறங்காமல் படுத்திருந்தவள் நான்தான். குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை.

புத்தாண்டு இரவு அப்படி அமையவில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு முந்தைய இரவுகளில் 11.55 மணி முதல் 12.30 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நாங்களும் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பகுதியிலோ ஒன்பதரைக்குத் தொடங்கியது இரண்டு மணிக்கு மேலும் ஓயவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் குழந்தையின் உடல் என் மடியில் துள்ளியது. காதைப் பொத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, நடந்துகொண்டே இருந்தோம். அன்று இழந்த தூக்கத்தை ஈடுகட்ட அவளுக்கு நான்கு நாட்கள் ஆயின.

பகல் தூக்கம் போனதற்குக் காரணம் வெளியில் இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறான், அவனைத் தேடி நண்பர்கள் வருகிறார்கள், தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடுகிறது. இத்தனையையும் விட்டுவிட்டு எந்தக் குழந்தைதான் தூளிக்குள் போகும்? பன்னிரண்டு மணித் தூக்கம் தவறி, மாலை ஐந்துக்கு அசந்து தூங்கி, இரவு பதினொன்று வரைக்கும் விழித்திருந்தாள். பேரனைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. அவனும் குழந்தை, அவனுக்கும் இது விடுமுறை. கடைசியில் தூளியை ஆட்டும் பொறுப்பையே அவனிடம் கொடுத்தேன். தான் கண்ட வண்டலூர் யானையைப் பற்றி அவன் கதை சொல்லச் சொல்ல அவள் உறங்கிப்போகிறாள். இப்போது நான் கை வைத்தால், "அண்ணா ஆத்து" என்று என் கையைத் தள்ளிவிடுகிறாள். பள்ளி திறந்துவிட்டதால் இனி அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். பெரியவர்கள் வேலைக்குப் போகும் வீடுகளில் விடுமுறை நாட்களில் குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்து அடக்கிவைப்பதை அக்கம்பக்கத்தில் பார்க்கிறேன். இரண்டு வயதில் திரை பார்ப்பது ஒரு நாளில் 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. மூத்த பிள்ளைக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள் என்று அந்தத் தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தூக்கம் குறைந்த உடம்பில் சளி சீக்கிரம் பிடிக்கிறது. மூக்கடைப்பும் இருமலும் வந்ததும், மூத்தவனுக்கு வாங்கி மீதியிருந்த இருமல் மருந்தில் அரை மூடி கொடுக்கலாமே என்று உறவினர் ஒருவர் அக்கறையோடு சொன்னார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் அவை பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் தெரிவித்ததை அவர் அறிந்திருக்கவில்லை. நாங்கள் மருத்துவரிடம் போனோம். மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டும், வெதுவெதுப்பான கஞ்சியும், ஓய்வும் போதும் என்ற அவர், வீட்டில் புகை உண்டா என்று கேட்டார். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தலையை உலர்த்தச் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பழக்கம். என் அம்மா எனக்கும், நான் என் மகனுக்கும் போட்ட புகை அது. அதை நிறுத்துங்கள் என்று மருத்துவர் சொன்னபோது மனம் வலித்தது. நிறுத்திவிட்டேன். இப்போது துண்டால் துடைத்து, வெயில் படும் இடத்தில் பத்து நிமிடம் உட்கார வைக்கிறேன். இரவில் கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை கட்டுகிறோம். பத்து நாட்களில் இருமல் நின்றது.

வீட்டுக்குள் இருந்த சாம்பிராணிப் புகையை என்னால் நிறுத்த முடிந்தது. போகியன்று விடியற்காலையில் தெருவிலிருந்து வரும் புகையை நான் தனியாக நிறுத்த முடியாது. 2018ஆம் ஆண்டுப் போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டதைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்காலத்து அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், எரிப்பதன் புகை மேலெழாமல் தெருவிலேயே தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். இரண்டு வயதுக் குழந்தை ஏறத்தாழ அதன் இரு மடங்கு மூச்சு விடுகிறது. டயரும் பிளாஸ்டிக்கும் ரெக்சின் பையும் எரியும் தெருவில், நம்மில் யாரையும்விடத் தன் உடம்பின் அளவுக்கு அதிகமான புகையை உள்ளே இழுப்பது தொட்டிலில் கிடக்கும் குழந்தைதான். சன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு வழியாக அந்த நாற்றம் வந்துவிடுகிறது. சென்ற ஆண்டு ஈரத் துண்டுகளை இடுக்குகளில் செருகிவிட்டு விடிய விடிய அவளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

காணும் பொங்கலன்று மெரினாவுக்கு வரும் குழந்தைகளின் மணிக்கட்டில் காவல்துறையினர் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள். சின்னக் குழந்தையை மனத்தில் வைத்து இந்த நகரம் ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. போகிக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் இல்லை. பழைய பாய், துணி, டயர் முதலியவற்றை எரிக்காமல் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுமாறு மாநகராட்சி அறிவிக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு எங்கள் தெருவில் பலருக்கு எட்டுவதே இல்லை. போகிக்கு முந்தைய மூன்று நாட்களும் குப்பை வண்டியிலேயே இதை ஒலிபெருக்கியில், பகல் வேளையில், சொல்லிக்கொண்டு வரலாம். பாயும் தலையணையும் ஏற்றுவதற்குத் தனி வண்டி வரும் நேரத்தைத் தெருமுனையில் எழுதி ஒட்டலாம். தாங்களும் அந்த நேரங்களைப் பகுதிவாரியாக வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

எரிக்காவிட்டால் போகி எப்படிப் போகியாகும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் ஒரு சின்ன மேளம்தான். சந்தையில் பேரனுக்கு ஒன்றும் பேத்திக்கு ஒன்றுமாக இரண்டு போகி மேளம் வாங்கி வைத்திருக்கிறேன். சூரியன் வந்த பிறகு, ஏழு மணிக்கு, தெருப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கொட்டட்டும். அந்த நேரத்தில் எழுந்திருக்காத குழந்தை இருக்காது.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. விடுமுறை முடிந்த மறுநாளிலிருந்து மாலை வேளைகளில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன். பதினான்கு வீட்டார் இந்த ஆண்டு எரிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மீதியுள்ள எட்டு வீடுகளுக்கும் போகிக்குள் போய்விடுவேன். பேத்தியும் என் இடுப்பில் இருப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பெரம்பூர், சென்னை.