அந்தத் தட்டை அனுப்ப வேண்டாம் அப்பா

ராட்டர்டாம், நெதர்லாந்து,
23.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அம்மா, தம்பி நலமும் அறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவசரமாக ஒன்று கேட்டேன். கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுக்கும் ஓட்டை போட்ட இரும்புத் தட்டை, தாத்தா காலத்துத் தட்டை, பழைய வேட்டியில் சுற்றிக் கூரியரில் போடச் சொன்னேன். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். ஏன் கேட்டேன், ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன் என்பதையெல்லாம் போனில் சொல்லி முடியாது. பட்டறைச் சத்தத்தில் உங்களுக்குப் பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

எல்லாம் என் கொலுசில் ஆரம்பித்தது. கல்யாணத்துக்குச் செய்து போட்டது இல்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ள என்று சலங்கை முத்து வைக்காமல் மெல்லிசாகச் செய்து தந்தீர்களே, அது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்குக் காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து என் கணுக்காலைத் தொட்டார். "எங்க அம்மா போட்டிருந்தாங்க" என்று டச்சு மொழியில் சொன்னார். முகத்தைப் பார்த்தால் நம்ம பக்கத்து ஆள் மாதிரிதான். ஆனால் இந்தியாவையே பார்த்ததில்லை. பிறந்தது தென் அமெரிக்காவில் சூரினாம் நாட்டில். அது டச்சுக்காரர்கள் ஆண்ட இடம். 1873-இல் லல்லா ரூக் என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 400 பேரைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டுக் கொண்டுபோனார்கள். 1916 வரைக்கும் கப்பல் கப்பலாக 34,000 பேர். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசத்துச் சனங்கள். 1975-இல் சூரினாம் சுதந்திரம் அடைந்தபோது அவர்களில் பல குடும்பங்கள் இங்கே கிளம்பி வந்துவிட்டன. பாட்டியும் அப்படி வந்தவர். நாளை மறுநாளோடு அந்தச் சுதந்திரத்துக்கு 50 வருஷம். இல்லத்தில் கேக் வெட்டப் போகிறோம்.

நீங்கள் ஒருநாள் வீடியோ காலில் போனைப் பீகார் ஆராவிலிருந்து வந்த நம் பட்டறைப் பையனிடம் கொடுத்தீர்களே, அது இந்தப் பாட்டிக்காகத்தான். அவர்கள் வீட்டில் பேசும் சர்னாமி போஜ்புரியிலிருந்து வந்தது என்று யாரோ சொன்னார்கள். நம்ம பட்டறையில் ஆராக்காரன் இருக்கிறானே என்று சட்டென்று தோன்றியது. ஐந்து நிமிஷம் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சில இடங்களில் அவர்களுக்கே புரியாமல் கையால் காட்டிக்கொண்டார்கள். கடைசியில் பாட்டி ஒரு கல்யாணப் பாட்டை எடுத்தார், மெதுவாக. இரண்டாவது அடியை அவன் எடுத்தான். ஊதுகுழல் அவன் கையில் அப்படியே இருந்தது. 152 வருஷம் கழித்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உட்கார்ந்திருக்கும் ஒருவனும் ராட்டர்டாமில் படுத்திருக்கும் ஒருத்தியும் ஒரே பாட்டைப் பாடினார்கள் அப்பா. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். ஐரோப்பா என்றதும் பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே அப்படி இல்லை. 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு, ஊரின் நடுப்பகுதி மொத்தமும் எரிந்துபோனது. 80,000 பேர் வீடிழந்தார்கள். இன்று நிற்பது அதற்கப்புறம் எழுந்த ஊர். துறைமுகத்தை நம்பி எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் ஊர். பாதிக்கு மேற்பட்டவர்களின் குடும்பம் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். 170-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் 'நம் பாரம்பரியம் இது' என்று எதைக் காட்டுவது? கல்லும் மரமும் எரிந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஆட்கள்தான்.

இந்த மே மாதம் ஃபெனிக்ஸ் என்று ஒரு மியூசியம் திறந்தார்கள். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறும் துறையில் 1923-இல் கட்டிய பெரிய கிடங்கு அது. உள்ளே இடம்பெயர்ந்தவர்களின் கதை மட்டும்தான். மக்கள் கொடுத்த 2,000 பெட்டிகளை அடுக்கி அடுக்கி, அதற்கு நடுவே நடந்துபோகும்படி செய்திருக்கிறார்கள். தகரப்பெட்டி, தோல்பெட்டி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. என்னை விமானம் ஏற்ற நீங்கள் வாங்கித் தந்த நீலப் பெட்டி ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிட்டேன். அகதிகள் கடல் தாண்டி வந்த ஒரு படகும் இருக்கிறது, இத்தாலிப் பக்கம் லாம்பெடூசா தீவிலிருந்து கொண்டுவந்தது. கீழ்த்தளத்துக்குள் டிக்கெட் இல்லாமலே போய் உட்காரலாம். மழைக்கு ஒதுங்கி வந்த கிழவர்களும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

அந்த மியூசியம் இருக்கும் கட்டென்ட்ரெக்ட் பேட்டைக்கு 1911-இல் சீனக் கப்பல் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். எதற்குத் தெரியுமா? உள்ளூர்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், அதை உடைக்க. அப்போது அவர்களை யார் விரும்பியிருப்பார்கள்? 1930-களில் வேலை போனதும் அதே சீனர்கள் தெருத்தெருவாகக் கடலை மிட்டாய் விற்றுப் பிழைத்தார்கள். இன்று அந்தப் பேட்டையின் பெருமையே அவர்கள் கதைதான்.

ஜூலையில் இங்கே சம்மர் கார்னிவல் நடக்கும். கரிபியன் தீவுக்காரர்கள், கேப் வெர்டேக்காரர்கள், இன்னும் பலர் சேர்ந்து 1984-இலிருந்து நடத்துவது. அலங்கரித்த வண்டிகளில் இறகு கட்டிய வேஷங்களுடன் ஊர்வலம் வருவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஆடி மாசத்தில் நம்ம சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைதான் கண்ணில் வந்தது. நீங்கள் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "அதோ பார், சிவன் வர்றார்" என்று காட்டுவீர்களே. இந்தக் கார்னிவலை 2023-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊருக்கு வந்து 40 வருஷம் ஆன ஒன்று, பாரம்பரியம். பழசா புதுசா என்று யாரும் தராசு பிடிக்கவில்லை. செய்கிறவர்கள் இது எங்களுடையது என்கிறார்களா, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

எல்லாமே நல்லபடியாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் 5 இங்கே குழந்தைகளுக்கான பண்டிகை. சின்டர்கிளாஸ் என்ற தாடிக்காரர் பரிசு கொடுப்பார். அவரோடு வரும் வேலைக்காரர்கள், கருப்பு பீட் என்று பெயர், முகத்தில் கருமை பூசி, உதட்டில் சிவப்புத் தீட்டிக்கொண்டு வருவது வழக்கம். எங்கள் இல்லத்தில் கரிபியன் பக்கம் குரசாவ் தீவிலிருந்து வந்த ஒரு தாத்தா இருக்கிறார். "அந்த மாசம் பூரா என் பிள்ளையைத் தெருவில் பீட் பீட்னு கூப்பிடுவாங்க. அவன் வீட்டுக்கு வந்து கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான்" என்றார். 2011-இல் சிலர் இது இனவெறி என்று சட்டையில் எழுதிக்கொண்டு போய் நின்றார்கள். அவர்களைப் போலீஸ் பிடித்தது. எங்கள் பண்பாட்டில் கை வைக்கிறார்கள் என்று ஊரெங்கும் ஒரே கோபம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஊர்களில் முழுக்கருப்பு போய், புகைபோக்கியில் இறங்கி வந்த கரிக்கோடு மட்டும் கன்னத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கு எதுவும் குறையவில்லை, பரிசு வருகிறது, பாட்டு வருகிறது. நம் பக்கத்துத் திருவிழாக்களில் யார் வடம் பிடிக்கலாம், யார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று இருந்ததை நினைத்துக்கொண்டேன். ஒதுங்கி நின்றவர்கள் கேட்டதால்தானே அங்கேயும் எதுவோ மாறியது.

இப்போது தட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறோம், வீட்டுக்கு ஒரு பொருள். துருக்கிக்காரர் தேநீர்க் கெண்டி கொடுத்தார், மொராக்கோ அக்கா கூஸ்கூஸ் அவிக்கும் சட்டி. நான் உடனே உங்கள் தட்டை நினைத்தேன். வரிசை வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் சின்னது, தாத்தா கை பட்டு ஓரம் மழுங்கியது. கண்ணாடிக்குள் வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று சொன்னேன். அதை நடத்துகிற அம்மா முன்பு மியூசியத்தில் வேலை பார்த்தவர். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க அப்பா நாளைக்கு எதில் கம்பி இழுப்பார்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது அப்பா. மூன்று வருஷம் வெளியே இருந்ததில் நான் உங்களையே பழைய பொருளாக நினைத்துவிட்டேன் போல.

லைடன் என்று ஒரு ஊர், இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போன சோழர் செப்பேடுகளைப் பற்றித் தம்பி பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான். ஆனைமங்கலத்துச் செப்பேடுகள், பெரிய தொகுதியில் மட்டும் 21 ஏடு. 5 ஏடு சமஸ்கிருதம், 16 ஏடு தமிழ். அவை இங்கே வந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கடலுக்கு அப்பால், இன்றைய இந்தோனேசியப் பக்கம் ஸ்ரீவிஜயத்தை ஆண்ட அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டுகிறான். சிவபக்தனான ராஜராஜன் அதன் செலவுக்கு ஒரு கிராமத்தையே விட்டுக்கொடுக்கிறான். துறைமுக ஊர் என்றால் அப்படித்தான் போல, அன்று நாகப்பட்டினம், இன்று ராட்டர்டாம். வெளியாள் கட்டிய விகாரத்தை நம்ம ஊர் என்று எண்ணித்தானே அவன் கொடுத்தான்.

அதனால்தான் நீங்கள் தீபாவளிக்கு முன்னால் சொன்னது என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நம்ம தொழில் வெளியாள் கைக்குப் போயிருச்சும்மா" என்றீர்கள். சலிப்பில் சொன்னீர்கள், தெரியும். வெள்ளி கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆர்டர் இல்லை, தம்பி கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அம்மாப்பேட்டையில் வெண்பட்டு நெய்கிற சௌராஷ்டிரக் குடும்பங்கள் வீட்டுக்குள் இன்னும் தங்கள் பாஷையைத்தான் பேசுகின்றன. அந்தப் பட்டுக்குச் சேலம் என்று பெயர் வைத்துத்தானே புவிசார் குறியீடு வாங்கினோம்? ஏற்காட்டில் காபி நம்முடையது என்கிறோம். அந்தச் செடியை 1820-களில் கொண்டுவந்தவர் கலெக்டர் காக்பர்ன். சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்களைக் கேட்டால் (கேரளக்காரர்கள் இல்லை), காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி ஆளுக்கொரு மலை ஏறிய கதையைச் சொல்வார்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால் அந்த மூத்தவர் வழி என்கிறவர்கள் குகைக் கோயில் முன்னால் நிற்பதைப் பார்க்கலாம். மலையே எங்களுடையது என்கிறவர்களும் வந்தவர்கள்தான் என்று அவர்களே பாடுகிறார்கள்.

ஆரா பையன் உங்களிடம் வந்து ஆறு வருஷம். கம்பி இரண்டு மூன்று ஓட்டை தாண்டினால் விறைத்துக்கொள்ளும், மறுபடி சுட்டு இளக்க வேண்டும், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்த்தால் மங்கலாகச் சிவப்பு தெரியும், அந்த நொடியில் எடுக்க வேண்டும், ஒரு மூச்சு தாமதித்தாலும் உருகிவிடும். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? தாத்தா கண்ணில் இருந்தது, உங்கள் கண்ணுக்கு வந்தது. இப்போது அவன் கண்ணில் இருக்கிறது. அக்டோபரில் அவன் தங்கள் ஊர்ச் சூரிய வழிபாடான சாத் பூஜைக்கு மூக்கனேரிக் கரையில் நின்ற போட்டோவைத் தம்பி அனுப்பினான். அம்மாதான் கரும்பு வாங்கித் தந்தாள் என்றும் சொன்னான். அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்ம பேட்டையில் ஒரு பழைய பட்டறையை அப்படியே வைத்து, ஊர்க்கதை சொல்லும் இடமாக்கினால் எப்படி இருக்கும் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். பகலில் திறந்தால் கொலுசு செய்கிறவன் எவனும் வரமாட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் திறக்க வேண்டும். தமிழோடு ஹிந்தியிலும் எழுதி வைக்க வேண்டும், தறிக்காரர் பாஷையிலும் யாராவது பேசிக் காட்ட வேண்டும். வாசலில் தட்டுவடை செட் கடை கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம்ம ஊர் சனம் உள்ளே எட்டிப்பார்க்காது. லீவில் வரும்போது இதைப் பற்றி உங்களோடும் உங்கள் சங்கத்துக்காரர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் கம்பி இழுப்பதையும், அந்தப் பையன் பற்றவைப்பதையும் போனில் வீடியோ எடுக்கட்டும். விளக்கை அணைத்து அந்தச் சிவப்பைக் காட்டுங்கள். நீங்கள் தமிழில் சொல்லுங்கள், அவன் அவன் பாஷையில் சொல்லட்டும். கண்காட்சியில் தட்டுக்குப் பதிலாக அதைத்தான் போடப் போகிறோம். பெயர் போடலாமா என்று அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள். கேட்காமல் போட மாட்டேன்.

பாட்டிக்கு ஒரு ஜோடி கொலுசு வேண்டுமாம். பணம் அவர் மகள் அனுப்புவார், விலை குறைக்க வேண்டாம். நூல் வைத்து அளந்தேன், பத்தரை அங்குலம். சாயங்காலத்தில் கால் வீங்கும், அதனால் கொக்கி மாட்ட இரண்டு வளையம் கூடுதலாக வையுங்கள். முத்து ஓரத்துக்கு ஒன்று போதும், ராத்திரி திரும்பிப் படுத்தால் காதில் விழுகிற அளவுக்கு. பற்றவைப்பதை அவனே செய்யட்டும் என்று பாட்டி சொல்லச் சொன்னார்.

அம்மாவை மூட்டு வலிக்கு எண்ணெய் தவறாமல் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் பெரியவள்