படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். "முதியோர் இல்லத்துக்கு ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வா, உன் கஷ்டமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தெரியும்" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது நம் வீடுகளில் வழக்கம். பிறந்தநாளன்று ஒருவேளைச் சாப்பாடு போட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் பெருகியிருக்கிறது. போடுகிற சோற்றைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து நம் நிம்மதியை அளந்துகொள்வதில் கிடைக்கும் நன்றியுணர்வு, பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் வடிந்துவிடும். அது நிலைக்கவேண்டுமானால் கையால் ஒரு வேலை செய்யவேண்டும். அந்த வேலை உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

பக்கவாதம், புற்றுநோய், முதுகுத்தண்டில் அடி என்று ஒருவர் படுத்துவிட்டால் அவரோடு இன்னொருவரும் அந்த அறைக்குள் அடைபடுகிறார். பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரிக்கும் விலக்கு கிடையாது. இதில் உதவ வருகிறவர் முதலில் கற்கவேண்டியது இழுக்காமல் தூக்குவது. அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்சதை மட்டும் நகரும். புண் அங்கேதான் தொடங்கும். நான்காக மடித்த பருத்திப் போர்வையை இடுப்புக்குக் கீழ் விரித்து, இரண்டு பேர் இருபுறமும் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்தவேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் ஒரு தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் விடவேண்டும்.

தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துத் திரும்பினால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாமலும் போகும். அப்போது சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுத்தான் அறியவேண்டும். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்காரவைப்பது இரண்டும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். மின்சாரத்தில் காற்று நிரப்பும் மெத்தையான ஏர் பெட் வாங்கிப் போட்டபின் திருப்ப வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். திருப்பத்தான் வேண்டும். அதன்மேல் ரெக்சினும் இரண்டு கம்பளியும் விரித்தால் வாங்கிய காசு வீண். ஒரே ஒரு மெல்லிய விரிப்பு, அதையும் ஊக்கு குத்தாமல். மின்தடை வந்தால் காற்று இறங்கியிருக்கிறதா என்று கைவைத்துப் பார்க்கவேண்டும்.

மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறதென்றால் அதை நர்ஸிடம் நேரில் பழகாமல் தொடாதீர்கள். தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு: தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கவேண்டும், ஊட்டி முடிந்து அரைமணி நேரமாவது அப்படியே இருக்கவேண்டும், கஞ்சியை வடிகட்டியே ஊற்றவேண்டும், இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தவேண்டும். குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் யூரின் பேக் எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்கவேண்டும். தரையில் கிடக்கக் கூடாது. திருப்பும் அவசரத்தில் அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கைவேலையைவிட வாய்தான் கடினம். "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்" என்ற ஆறுதல் அந்த வீட்டில் எடுபடாது. நாட்டு மருந்து சிபாரிசு, "எத்தனை நாள் தாங்கும்" என்ற விசாரிப்பு, செல்போன் படம் எதுவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸும், விழுங்க முடியாதவருக்கு ஆப்பிளும் வாங்கிப் போகிறார்கள். டயப்பர், கையுறை, பழைய பருத்தி வேட்டி கொண்டுபோனால் அன்றே உபயோகப்படும். வீட்டார் எரிந்துவிழுந்தால் தூக்கமில்லாததால் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்லவேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. சில மாதங்கள் இதைச் செய்தவருக்கு, எழுந்து தானாகக் கழிவறைக்கு நடந்துபோவதே சாதாரண விஷயமாகத் தோன்றாது. அந்த மாற்றத்தை யாரும் உபதேசித்து வரவைக்க முடியாது.

தம் வீட்டிலேயே ஒருவரைப் பராமரித்து இழந்தவர்கள் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். ஆனால் காரியம் முடிந்த கையோடு வரவேண்டாம் என்போம். துக்கம் ஆறாமல் வந்தால் எதிரில் இருக்கும் நோயாளியின் பேச்சைக் கேட்காமல், தம் வீட்டில் நடந்ததையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கேரளத்தில், குறிப்பாக மலப்புறத்தில், இந்த வேலையை அக்கம்பக்கத்தாரே ஏற்று நடத்துகிறார்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களைச் சேர்த்து, வகுப்பும் நேரடிப் பயிற்சியும் கொடுத்தபிறகே வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008-லேயே அந்த மாநிலம் இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. நர்ஸ் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவார். அவர் அடுத்தமுறை வரும்வரை இடைப்பட்ட நாட்களை யார் பார்ப்பது? ஆரம்ப சுகாதார நிலையங்களில் தன்னார்வலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, அந்த நர்ஸோடு இணைத்துவிட்டால் பெரிய செலவே இல்லை. சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்கவேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பகுதி சுகாதார செவிலியரிடம் கேட்டு, வீட்டாரின் சம்மதத்தோடு போங்கள். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலிருப்பது, ஒருதடவைகூடப் போகாததைவிட மோசம். அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் அந்தப் பெண் ரேஷன் கடைக்கோ தன் பல்வலிக்கு டாக்டரிடமோ போகத் திட்டமிட்டிருப்பார். நோயாளி ஓய்வூதியர் என்றால், வாழ்வுச் சான்றுக்காக அவரை ஆட்டோவில் ஏற்றி அலைக்கழிக்க விடாதீர்கள். தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குப் பதிவு செய்து தருகிறார். இது தெரியாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

இப்படிக்கு,
வீட்டு நோயாளிப் பராமரிப்புத் தன்னார்வலர்கள் சிலர்,
மதுரை