முகத்தில் உருட்டும் ஊசியும் உடம்பில் நிறுத்தும் ஊசியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சேலத்தின் ஐந்து ரோடு, ஃபேர்லண்ட்ஸ், அஸ்தம்பட்டி பகுதிகளில் "மைக்ரோநீட்லிங், அக்குபஞ்சர்" என இரண்டையும் ஒரே பலகையில் எழுதி வைப்பது வழக்கமாகிவிட்டது. பருத் தழும்புக்காக அக்குபஞ்சருக்குப் போகிறவர்களும், முகத்தில் டெர்மா ரோலர் என்னும் ஊசி உருளையை உருட்டினால் தலைவலி தீரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. போகுமுன் என்ன கேட்க வேண்டும், உள்ளே என்ன நடக்கும், வீடு திரும்பியபின் எது இயல்பு, எது ஆபத்து என்பதை உங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் மைக்ரோநீட்லிங். நுண்ணிய ஊசிகளால் தோலில் ஆயிரக்கணக்கான சிறு துளைகள் இடுவதுதான் இது. தோல் அதைக் காயமாக எடுத்துக்கொண்டு புதிய கொலாஜன் நாரைக் கட்டுகிறது. தழும்பின் பள்ளம் மெல்ல மேலெழுகிறது. கையால் உருட்டும் ரோலரில் பொதுவாக 192 ஊசிகள் இருக்கும். மின்சாரத்தில் இயங்கும் பேனாவில் ஊசி முனை தனியாகக் கழற்றி மாட்டும்படி வரும். பருத் தழும்புக்கு மருத்துவர்கள் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் நீளம் வரை பயன்படுத்துவார்கள். நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு ஆகிய இடங்களில் எலும்பு மேலாக இருப்பதால் நீளத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அங்கேயும் அதே ஊசியை அழுத்தி உருட்டினால் தண்டவாளம் போட்டதுபோல் வரி வரியாகத் தழும்பு விழும். போக்க வந்த தழும்போடு புதிதாக ஒன்றையும் வாங்கிக்கொண்டு போவது இப்படித்தான்.

எல்லாத் தழும்பும் இதற்குக் கட்டுப்படாது. அலை அலையாக, அகலமாக இருக்கும் பள்ளங்கள் நன்றாகக் கேட்கும். குத்தூசியால் குத்தியதுபோல் குறுகி ஆழமாக இருக்கும் குழிகள் கேட்காது. அவற்றுக்கு ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை ஒவ்வொரு குழிக்குள்ளும் தொட்டு வைக்கும் முறை உண்டு. தோலை அடியிலிருந்து நார் இழுத்துப் பிடித்திருந்தால் முதலில் அந்த நாரை அறுத்துவிடும் சப்சிஷன் செய்ய வேண்டும். முகத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, இன்னது கேட்கும், இன்னது கேட்காது என்று பிரித்துச் சொல்லாமல் "ஆறு முறை பேக்கேஜ்" என்று பணம் வாங்குகிறவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

சிகிச்சையன்று நடப்பது இது. முகத்தைக் கழுவி, படம் எடுத்து, லிக்னோகெய்ன் கலந்த மரப்புக் கிரீமைத் தடவி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விடுவார்கள். சீக்கிரம் மரக்கட்டும் என்று கழுத்து, மார்பு வரை அப்பி பிளாஸ்டிக் தாளால் மூடுவது தவறு. மருந்து இரத்தத்தில் அதிகமாகச் சேரும். உதடு, நாக்கு மரத்தாலோ காதில் இரைச்சல் கேட்டாலோ தலை சுற்றினாலோ படபடப்பு வந்தாலோ உடனே சொல்லுங்கள், கிரீமைத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு கிரீமை முழுவதுமாகத் துடைத்து, கிருமிநாசினி தடவி, தோலை இழுத்துப் பிடித்துக் குறுக்கே, நெடுக்கே, சாய்வாக 4, 5 முறை ஓட்டுவார்கள். பொட்டுப் பொட்டாக இரத்தம் துளிர்த்தால் போதும்; வழிய வேண்டியதில்லை. உருட்டும் வேலை 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசியில் சலைனில் நனைத்த குளிர்ந்த துணியை வைப்பார்கள்.

அந்த நேரத்தில் திறந்த துளைகளின் மேல் எதைப் பூசுகிறார்கள் என்று கவனியுங்கள். வைட்டமின் சி சீரம், வாசனை கலந்த அழகுப் பொருள் எல்லாம் தோலின் மேல் பூசத்தான் தயாரானவை. ஊசியோடு உள்ளே போனால் ஒவ்வாமை வந்து, பல மாதம் கரையாத கட்டிகள் நிற்கும்.

முதல் நாள் முகம் வெயிலில் கன்றியதுபோல் சிவந்திருக்கும். மறுநாள் கண்ணைச் சுற்றிச் சற்று வீங்கலாம். 3ஆம் நாளிலிருந்து 5ஆம் நாள் வரை வறண்டு, மெல்லிய தோல் உதிரும். இவை இயல்பு. வலி 2 நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போவது, சீழ், மஞ்சள் நிறப் பொருக்கு, உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம், ஒரு வாரம் தாண்டியும் அடங்காத சிவப்பு ஆகியவை இயல்பல்ல. அன்றே தோல் மருத்துவரைப் பாருங்கள். உதட்டில் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் வைரஸ் தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வாரத்தில் பள்ளம் மறைந்ததுபோல் தெரிவது வீக்கத்தால்தான். வீக்கம் வடிந்ததும் பழைய முகம் தெரியும். ஏமாந்துவிட்டோம் என்று அந்த வேளையில் இன்னோர் இடம் தேடி ஓடாதீர்கள். கொலாஜன் கட்ட வாரங்கள் ஆகும், அது இறுக மாதங்கள் ஆகும். அதனால்தான் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் 4 முதல் 6 வாரம் இடைவெளி. 3 முதல் 6 முறை தேவைப்படலாம். கடைசி முறைக்குப் பிறகு 3 மாதம் கழித்து, அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். தழும்பு குறையும்; ஆனால் முழுதாக அழிந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. நம் நிறத் தோலுக்குப் பெரிய தொல்லை, காயம் ஆறிய இடம் கறுப்பது. பங்குனி, சித்திரையில் செய்துகொண்டு மறுநாளே வண்டியில் ஊர் சுற்றினால் அது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை மறுநாளிலிருந்து, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் பூசி, வெளியில் இருந்தால் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். ஏற்காட்டில் குளிர்தானே, அங்கே போய் ஓய்வெடுக்கலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். சேர்வராயன் மலை சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போகப் புற ஊதாக் கதிர் கூடும். குளிர் காற்றில் சூடு உறைக்காது, ஆனால் தோல் கறுக்கும். மூடுபனியும் அந்தக் கதிரை முழுதாகத் தடுக்காது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஹெல்மெட்டின் உட்புறப் பஞ்சு கன்னத்தில் உரசி, பழைய வியர்வையும் தூசியும் துளைக்குள் போகும். எனவே 2 நாளைக்கு ஆட்டோவிலோ பேருந்திலோ போய் வாருங்கள்.

கல்யாணப் பெண்கள்தான் அதிகம் அவசரப்படுகிறார்கள். நலங்கு மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, திரெட்டிங், பிளீச்சிங் எதுவும் ஒரு வாரத்துக்கு அந்தத் தோலில் படக்கூடாது. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே கடைசி முறையை முடித்துவிடுங்கள். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழிக் கடைசியில் வந்து கேட்டால், வேண்டாம் என்று சொல்பவரே நல்ல மருத்துவர்.

சீழ்ப்பரு, மரு, எக்ஸிமா இருக்கும் முகத்தில் உருட்டக்கூடாது. ஊசி போன வழியெல்லாம் மரு பரவும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் காயம்பட்ட இடத்தில் அந்த நோயே முளைக்கும். தழும்பு தடித்து வளரும் கெலாய்டு உடம்புக்காரர்கள், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். மங்குக்கும் இதைச் செய்கிறார்கள். எங்கள் கருத்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் அது, கிளறிவிட்டால் இன்னும் கறுக்கும்.

ஆன்லைனில் வாங்கிய ரோலரை வீட்டில் அம்மாவும் மகளும் மாற்றி மாற்றி உருட்டுவது பெருங்கேடு. வெந்நீரிலோ ஸ்பிரிட்டிலோ ஊறவைப்பதால் அது சுத்தமாகிவிடாது. மலிவு ரோலரில் முனை சீக்கிரம் வளைந்து கொக்கியாகி, துளைப்பதற்குப் பதில் கிழிக்கும். நிலையத்திலும் ரோலரோ பேனாவின் முனையோ உங்கள் கண்ணெதிரே முத்திரை பிரிக்கப்பட வேண்டும். "உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், அடுத்த முறைக்கும் இதுதான்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பூசும் பி.ஆர்.பி. முறையானால் குழாயிலும் சிரிஞ்சிலும் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. பரவியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியதை அங்கே மீண்டும் பயன்படுத்தியிருந்தார்கள்.

இனி அக்குபஞ்சர். இதில் ஊசிகள் குறைவு, ஆனால் உள்ளே நிற்கும். மருந்து போடும் ஊசிபோல் நடுவில் துளை கிடையாது. தலைமுடியைவிடத் தடித்த, 0.16 முதல் 0.30 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு இழை. முதல் முறை போனால் ஊசியைவிடக் கேள்விகளுக்கே அதிக நேரம் போகும்: தூக்கம், வயிறு, மாதவிடாய், சாப்பிடும் மாத்திரைகள். நாடியும் நாக்கும் பார்ப்பார்கள். பிறகு படுக்க வைத்து, தோலைத் துடைத்து, சிறு குழாய் வழியாகத் தட்டி இறக்குவார்கள். குத்தும்போது எறும்பு கடித்த அளவு வலி. இறங்கியபின் கனப்பது, விறுவிறுப்பது, மந்தமாக இழுப்பது போன்ற உணர்வு வரும். அது எதிர்பார்ப்பதுதான். மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று ஓடினால் நரம்பில் பட்டிருக்கிறது, உடனே சொல்லுங்கள். 20 முதல் 30 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சாப்பிட்டுப் போனால் மயக்கம் வருவது குறையும். வியர்த்து, கண் இருண்டால் ஊசிகளை எடுத்துவிட்டுக் காலை உயர்த்திப் படுக்க வைப்பார்கள். தசை இறுகி ஊசி சிக்கிக்கொண்டால் இழுக்கக்கூடாது. சற்றுப் பொறுத்துச் சுற்றிலும் தடவிக்கொடுத்தால் விடும். போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். முடிக்குள் ஓர் ஊசி மறந்து நிற்பது நடக்கக்கூடியதே. சிறு இரத்தக் கட்டு ஒரு வாரத்தில் மறையும். தூக்கம் சொக்கினால் உடனே வண்டி ஓட்டாதீர்கள்.

பெரிய ஆபத்து தோளிலும் மேல் முதுகிலும் இருக்கிறது. அங்கே ஆழம் தப்பினால் நுரையீரல் உறையில் துளை விழும். மூச்சுத் திணறலோ நெஞ்சு குத்தலோ அங்கேயே வரலாம், வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்தும் வரலாம். வாயு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஊசி போட்ட விஷயத்தைச் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஊசியில் மின்சாரம் இணைக்கும் முறை ஆகாது. கர்ப்பிணிகள் முதல் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் இடுக்கு, கணுக்கால் மேல்புறம் போன்ற சில புள்ளிகளை அவர்களுக்குத் தவிர்ப்பது மரபு.

எதற்கு உதவும்? கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் நாள் முழுக்கக் குனிந்திருப்பவர்களின் நாள்பட்ட கழுத்து, இடுப்பு வலிக்கு முயன்று பார்க்கலாம். உலக சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டுதலில் இதற்கு இடம் உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு, தடுப்பு மாத்திரைகள் ஒத்துவராதபோது, 5 முதல் 8 வாரத்தில் 10 முறை வரை என்று பிரிட்டனின் நைஸ் (NICE) என்னும் சிகிச்சை வழிகாட்டு அமைப்பு சொல்கிறது. அதே நைஸ் அமைப்பு 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. 6 முறை செய்தும் வலியில் மாற்றமே இல்லையென்றால் பணத்தைத் தொடர்ந்து செலவழிக்க வேண்டியதில்லை. இடுப்பு வலியோடு காய்ச்சலோ, கால் பலம் குறைவதோ, சிறுநீர் கட்டுப்பாடு தப்புவதோ இருந்தால் அது அக்குபஞ்சருக்குரிய வலியே அல்ல. முகத்துக்கான அக்குபஞ்சரும் பருப் பள்ளத்தை நிரப்பாது.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைப்பது, "மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்னும் பேச்சு. தைராய்டு, இரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரைகளை ஊசிக்காக நிறுத்தக்கூடாது. சிறு வயதிலேயே வந்த சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. மத்திய அரசு 2003இல் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது உண்மை. அந்த ஏற்பு, சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவருக்கு அடுத்தவரின் இன்சுலினை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. பி.என்.ஒய்.எஸ். எனப்படும் இயற்கை மருத்துவப் பட்டம் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. என்ன படித்தீர்கள், எத்தனை ஆண்டு என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய சிகிச்சை விளம்பரங்களை வெளியிடும்போது, செய்பவரின் படிப்பும் பதிவு எண்ணும், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்த இடம் பெற்ற பதிவு எண்ணும் இருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் பில், ஊசி உறையின் படம், முகத்தின் அல்லது காயத்தின் தேதியிட்ட படம் ஆகியவற்றோடு மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். பருத் தழும்புக்குச் செலவு செய்ய இயலாதவர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர் ஒருவரும் இயற்கை மருத்துவர் ஒருவரும்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.