புள்ளி வரியில் ஓடும் எஞ்சின்

உ
சிவமயம்

பிக்கரிங், வட யார்க்‌ஷயர்

அன்புள்ள அப்பச்சிக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் பழைய மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஞாயிறுதோறும் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வள்ளல் கிடைத்தால் போதும் என்று உங்கள் சேக்காளிகள் பேசிக்கொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த ஊர்ப் பழைய நீராவி ரயிலில் வேலை செய்துகொண்டு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வள்ளல் எஞ்சினை வாங்கித் தருவார். அதை ஓடவைப்பது புள்ளி வரிதான், அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று எல்லாரும் தவறாமல் போடும் பணம்.

வள்ளல்களின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற எஞ்சினை 1963-ல் ஆலன் பெக்லர் என்பவர் 3,000 பவுண்டுக்கு வாங்கினார். அமெரிக்கா வரை கொண்டுபோய் ஓட்டினார். 1972-ல் திவாலானார். 1996-ல் அதே எஞ்சினை வாங்கிய இன்னொருவரும் கடைசியில் அந்த வழியேதான் போனார். 2004-ல் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் பொதுமக்களிடம் வசூலித்தும் மானியம் பெற்றும் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதன்பின் பழுதுபார்க்கவே பத்தாண்டு பிடித்தது, செலவு 42 லட்சம் பவுண்டு. வாங்கிய விலையையும் பழுதுபார்த்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டிய கணக்கு இதுதான்.

செலவின் நடுப்புள்ளி கரியோ சம்பளமோ இல்லை, பாய்லர். இங்கே ஒரு பாய்லரை முழுதாகப் பழுதுபார்த்துச் சோதனை முடித்தால், பெரும்பாலும் பத்தாண்டு ஓட்டலாம். நடுவில் வருடாவருடம் இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து, குளிர்ந்த நிலையில் ஒரு முறை, நீராவி ஏற்றி ஒரு முறை பார்ப்பார். பத்தாண்டு முடிந்ததும், நன்றாக ஓடுகிற எஞ்சினானாலும் நிறுத்திப் பிரிக்க வேண்டும். கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு வைப்பதுபோல என்று சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு வித்தியாசம்: கோயில் ஒன்றிரண்டு ஆண்டு தள்ளிப்போனாலும் தாங்கும், பாய்லர் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிரிப்பது என்றால், பாய்லரை எஞ்சினின் அடிச்சட்டகத்திலிருந்து கிரேனால் தூக்கிவிடுவார்கள். உள்ளே ஓடும் நூற்றுக்கு மேற்பட்ட நெருப்புக் குழாய்களை அறுத்து எடுப்பார்கள். நெருப்புப்பெட்டியின் செம்புத் தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று அளப்பார்கள். அந்தப் பெட்டியையும் வெளி ஓட்டையும் பிணைக்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். முறிந்த ஸ்டேயின் ஓசை தனி. எல்லாம் மாற்றியபின் பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை ஏற்றிச் சோதிப்பார்கள். தண்ணீரால் சோதிப்பதற்குக் காரணம், தண்ணீர் அழுத்தினாலும் சுருங்காது. எங்காவது பிளந்தால் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். நீராவியோ காற்றோ என்றால் வெடிக்கும்.

நடுத்தர எஞ்சினுக்கே இந்த வேலை சில லட்சம் பவுண்டு ஆகிறது. ஒரு பேச்சுக்கு 5 லட்சம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 100 நாள் ஓட்டினால் பத்தாண்டில் 1,000 நாள். அப்படியானால் ஓடும் ஒவ்வொரு நாளும் கரி, எண்ணெய், சம்பளம் எல்லாம் போக 500 பவுண்டு தனியே எடுத்து வைக்க வேண்டும். ஞாயிறு மட்டும் என்றால் ஆண்டுக்கு 52 நாள்தான், அந்தத் தொகை 960 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். எஞ்சின் ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் பத்தாண்டுக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே 'கொஞ்சமாக ஓட்டுவோம், செலவு குறையும்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

இந்தப் பணம் எப்படி வருகிறது? பெரும்பாலும் ரயில் வேறு, எஞ்சின் வேறு. எஞ்சினை வைத்திருப்பது ஒரு சங்கம், ரயில் கம்பெனி அதை வாடகைக்கு எடுத்து, ஓடும் நாளுக்கோ மைலுக்கோ இவ்வளவு என்று கொடுக்கும். அந்த வாடகையைச் சங்கம் தொடாமல் அடுத்த திருப்பணிக்குச் சேர்க்கும். இரண்டு பேரேடும் தனித்தனியாக இருப்பதுதான் இதில் சூட்சுமம். ஒன்றாக இருந்தால் மழைக்காலத்து நஷ்டத்துக்குப் பாய்லர் பணம் கரைந்துவிடும்.

அடுத்தது மாதச் சந்தா. டொர்னாடோ என்ற எஞ்சினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வகுப்பில் 49 எஞ்சின்கள் இருந்தன, ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் உடைத்து விற்றாகிவிட்டது. 1990-ல் சிலர் கூடி ஐம்பதாவதைப் புதிதாகவே செய்வது என்று முடிவெடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு கிளாஸ் பியர் விலை கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். (நம் ஊரில் இதை வேறு மாதிரிக் கேட்க வேண்டியிருக்கும்.) சந்தாவோடு கடன் பத்திரம் விற்றார்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு உபயதாரரைப் பிடித்தார்கள். பாய்லரை ஜெர்மனியில் மைனிங்கன் பணிமனையில் செய்வித்தார்கள். 2008-ல் எஞ்சின் ஓடியது, மொத்தம் 30 லட்சம் பவுண்டு போல. பதினெட்டு ஆண்டு ஆனாலும் சந்தா நிற்கவில்லை. இங்கே அறக்கட்டளைக்கு வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு கொடுத்தால், அரசு தன் வரியிலிருந்து 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். ஆகவே சங்கத்தை அறக்கட்டளையாகப் பதிவு செய்வதுதான் எல்லாருக்கும் முதல் வேலை. லாட்டரிப் பணத்திலிருந்தும் பாரம்பரிய நிதி மானியம் கிடைக்கிறது. மானியம் கொட்டகை கட்டவும் பாலம் மாற்றவும் உதவும், தினசரிக் கரிக்கு அதை நம்பக்கூடாது.

டிக்கெட் வருமானம் தனியாகப் போதாது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா ரயில், இரவு விருந்து ரயில், டீக்கடை, ஒரு நாள் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் பயிற்சிக்கு நல்ல கட்டணம் என்று எல்லாம் சேர்ந்துதான் ஈடுகட்டுகிறது. செட்டிநாட்டில் சாப்பாட்டு ரயிலுக்கு ஆள் சேரும் என்று எனக்குத் தோன்றுகிறது, வாழை இலை போட இடம் விட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டும்.

ஓட்டுகிற வேலையைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். பிக்கரிங்கிலிருந்து குரோஸ்மண்ட் வரை 18 மைல். 1965-ல் அரசு மூடிய பாதை, 1973-ல் தொண்டர்கள் திறந்தார்கள். வேகம் மணிக்கு 25 மைல்தான். பத்து மணி ரயிலுக்கு விடிகாலையிலேயே வேலை தொடங்கும். பெரிய எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருந்தால் முதல் நாளே சின்ன நெருப்பு வைத்துச் சூடாக்க வேண்டும். செம்புப் பெட்டி விரிவது வேறு அளவு, வெளியே உள்ள எஃகு விரிவது வேறு அளவு. அவசரப்பட்டால் குழாய் முனைகள் ஒழுகும், ஸ்டே முறியும். பழுதுபார்க்கும் பில் ஏறுவதற்கு அவசர நெருப்பும் ஒரு காரணம்.

நெருப்பு வைக்குமுன், பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரிகிறதா என்று பார்ப்பது முதல் விதி. கண்ணாடி பொய் சொல்லலாம், அதனால் அதன் குழாய்களைத் திறந்து மூடிச் சோதிக்க வேண்டும். பிறகு கைபிரேக் போட்டிருக்கிறதா, சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா, முன்னே பின்னே ஓட மாற்றும் ரிவர்ஸர் நடுவில் இருக்கிறதா, சிலிண்டர் வடிகுழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் முன்பக்கத்துப் புகைப்பெட்டியில் முந்தைய நாள் சாம்பலை அள்ளி, அதன் கதவைக் காற்றுப் புகாமல் இறுக்க வேண்டும். அந்தக் கதவு ஒழுகினால் நெருப்புக்குக் காற்றை இழுக்கும் விசை போய்விடும், எவ்வளவு கரி போட்டாலும் அழுத்தம் ஏறாது. இதெல்லாம் முடிந்தபின்தான் எண்ணெய்த் துணி, விறகு, மேலே கொஞ்சம் கரி. 225 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வேலை செய்யும் பாத்திரம் அது. கார் டயரில் 32தான்.

புறப்படும்போது பக்கவாட்டில் வெள்ளையாகச் சீறுகிறதே, எல்லாரும் போட்டோ எடுப்பார்கள், அது அழகுக்காக இல்லை. சிலிண்டருக்குள் குளிர்ந்து தங்கிய தண்ணீரை வடிகுழாய் வழியாக வெளியேற்றுகிறார்கள். தண்ணீர் சுருங்காததால் பிஸ்டன் அதன்மேல் மோதினால் சிலிண்டர் மூடி உடையும். பாய்லரில் தண்ணீரை அளவுக்கு மேல் ஏற்றினாலும், அழுக்குத் தண்ணீர் நுரைத்தாலும், நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குப் போய் இதே கேடுதான்.

ஃபயர்மேனின் கைத்திறன் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவதில் இருக்கிறது. முஷ்டி அளவுக் கட்டிகள், வெளிச்சமான இடம் பார்த்து. கரும்புகை வந்தால் காற்றுப் போதவில்லை, காசு புகையாய்ப் போகிறது என்று பொருள். ஸ்டேஷனில் நிற்கும்போது சேஃப்டி வால்வு இரைந்தால் அதுவும் வீண்தான்: சூடாக்கிய தண்ணீர் வானத்துக்குப் போகிறது. குரோஸ்மண்டிலிருந்து கோத்லண்டுக்கு 49 அடிக்கு ஓர் அடி ஏற்றம். உச்சி தாண்டி எஞ்சினின் மூக்கு தாழும்போது தண்ணீர் முன்னால் ஓடும், நெருப்புப்பெட்டியின் கூரைத் தகடு தண்ணீர் இல்லாமல் நிற்கும் அபாயம் அங்கேதான். அந்தத் தகட்டில் ஈயத் திருகு ஒன்று வைத்திருப்பார்கள். தகடு காய்ந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். நம் பக்கம் சமதரை, அந்த மட்டில் தப்பித்தோம்.

நம் தொல்லை தண்ணீரிலும் தீப்பொறியிலும் இருக்கும். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க ருசிதான், பாய்லருக்கு அந்த ருசி கணக்கில்லை, கரைந்த உப்பு எவ்வளவு என்பதே கணக்கு. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். குழாயில் படியும் ஓடு கனமானால் கரிச் செலவு ஏறும், தகடு அளவுமீறிச் சூடேறும். ஊருணித் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் செம்மண் கலங்கல் இருக்கிறது, அது நுரைக்கும். எந்தத் தண்ணீரானாலும் மருந்து போட்டு, நாள்தோறும் கொஞ்சம் அடித்தண்ணீரை வெளியேற்றி, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாய்லரை ஆறவிட்டுத் திருகுகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. துருப்பிடிப்பது பற்றிய ஆராய்ச்சிதான் அவர்களின் முக்கிய வேலைகளில் ஒன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த இடத்தை வைத்துக்கொண்டு நாம் வேறெங்கும் போய்க் கேட்க வேண்டாம்.

தீப்பொறிக்கு இங்கேயே வறண்ட கோடையில் நீராவியை நிறுத்திவிட்டு டீசல் எஞ்சினைப் போடுகிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வைகாசியில் கருவேலங்காட்டுக்கும் பனை ஓலைக்கும் பக்கத்தில் கரி எஞ்சின் என்றால் எனக்குச் சம்மதமில்லை. புகைப்பெட்டியில் கம்பிவலை வைத்தாலும் முழுப் பாதுகாப்பு வராது. எண்ணெய் எரிக்கும் எஞ்சினே நமக்குச் சரி. கரி பிடிவாதக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. இங்கேகூடக் கரி எளிதாக இல்லை. வேல்ஸில் ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடியபின், வெளிநாட்டுக் கரியை நம்பியிருக்கிறார்கள். மாறும் கரிக்கு மாறும் சாம்பல். சிலது நெருப்புக்கு அடியில் உள்ள தட்டிக் கம்பிமேல் உருகிப் பாறையாகிக் காற்றை அடைத்துவிடும்.

எஞ்சினுக்கு மேல் இன்னொரு தடை தடம். திருச்சி காரைக்குடிப் பாதை அகலப்பாதை ஆகிவிட்டது. ஒய்.பி. என்ற பழைய மீட்டர் கேஜ் வகை எஞ்சின் கிடைத்தாலும் அது நிற்க நமக்கென்று மீட்டர் கேஜ் தண்டவாளம் போட வேண்டும், நிலம், சிக்னல், பாதுகாப்பு ஆய்வு எல்லாம் அதோடு வரும். நீலகிரி மலை ரயிலுக்கு எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைப் புதிதாகச் செய்த பொன்மலைப் பணிமனை திருச்சியில் இருக்கிறது. எஞ்சின் தேடுமுன் அங்கே ஓய்வுபெற்ற பாய்லர்காரர்களைத் தேடுங்கள். இங்கே பெரிய பஞ்சமே அந்த ஆட்களுக்குத்தான். துடைப்பவராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, டிரைவராக ஆண்டுக்கணக்கில் ஆகிறது. கற்றுக்கொடுக்கிறவர் போய்விட்டால் பணம் இருந்தும் பயனில்லை.

கூட்டத்தில் மூன்று விஷயம் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். புள்ளிக்கு மாதம் இவ்வளவு என்று பத்தாண்டுக்கு எழுதிக் கொடுக்க எத்தனை குடும்பம் வரும். பாய்லர் பணத்தைத் தனிப் பேரேட்டில் வைத்து, தலைவர் மாறினாலும் தொடாமல் இருக்கப் பத்திரம் எழுதச் சம்மதமா. ஸ்டேஷன் பக்கத்துக் கிணறு, ஊருணி இரண்டின் தண்ணீரையும் சோதித்த தாள். தாள் வந்தால் இங்கே பாய்லர் பார்க்கிறவரிடம் காட்டி, என்ன மருந்து எவ்வளவு என்று எழுதி அனுப்புகிறேன்.

ஆத்தாவுக்கும் ஆச்சிக்கும் என் அன்பு.

தங்கள் அன்பு மகன்