ஊதாவுக்குப் பதில் ரோஜா, சிவப்பில் கல்யாணச் சின்னம்

பினாங்கு
16 மார்ச் 2026

மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: தவறான நிறத்திலும் துணியிலும் வந்த பூசை உடைகள்

வணக்கம். எங்கள் ஆலயத்தில் பங்குத்தந்தை பூசைக்கு உடுத்த, ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாள்களான தவக்காலத்துக்கு ஊதா உடை ஒன்றும் சிவப்பு உடை ஒன்றும் டிசம்பரிலேயே பணம் கட்டித் தைக்கச் சொன்னேன். மாதிரிக்கு நிறத் துண்டும் கொடுத்தேன். சீனப் புத்தாண்டுக்குக் கடை மூடும் அவசரத்தில், பிப்ரவரி 14 அன்று பெட்டியைக் கொடுத்தனுப்பினீர்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனோ 18ஆம் தேதி. திறந்து பார்த்தால் ஊதா இல்லை, ரோஜா நிறம். மாற்றித் தரக் கடையில் ஆளில்லை.

விடுமுறை முடிந்து பேசிய தங்கள் ஊழியர், “ஊதாவில் கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதானே அங்கிள்” என்றார். ஊதா, மனம் வருந்தி நோன்பிருக்கும் நாள்களின் நிறம். ரோஜா ஆண்டுக்கு இரண்டே ஞாயிறுகளுக்கு உரியது: கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் மூன்றாவது, தவக்காலத்தில் நான்காவது. பெருவிழா நெருங்கிவிட்டது, முகத்தைக் கொஞ்சம் மலர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நிறம் அது. அந்த நான்காவது ஞாயிறு நேற்று வந்தது. தங்கள் உடைக்குப் பொருந்திய ஒரே நாள். அழகாகவே இருந்தது, மறைக்கவில்லை. மற்ற வாரங்களில் பங்குத்தந்தை கழுத்தோரம் நைந்த பழைய ஊதாவையே உடுத்தினார்.

சிவப்பின் கதை இன்னும் மோசம். சனிக்கிழமை என் மனைவி அதை இஸ்திரி போட எடுத்துச் சன்னலோரம் விரித்தார். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும், சீனத் திருமணங்களில் ஒட்டும் இரட்டை மகிழ்ச்சி எழுத்து முதுகுப் பக்கம் முழுவதும் எழுந்து நின்றது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், வரிசைக்கு நான்கு. கல்யாணத் துணியில் மிஞ்சியதை வெட்டியிருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் அது மங்கலம்தான். எங்களுக்குச் சிவப்பு என்பது இரத்தமும் நெருப்பும்: குருத்து ஞாயிறு, புனித வெள்ளி, பெந்தகோஸ்து, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் நாள்கள். புனித வெள்ளி வழிபாடு தொடங்கும்போது பங்குத்தந்தை பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடப்பார். பாட்டில்லை, மணியில்லை. ஆலயம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது அவர் முதுகைத்தான்.

குருத்து ஞாயிறு மார்ச் 29. எனவே 27ஆம் தேதிக்குள், எழுத்தோ பூவோ நெய்யாத சிவப்புத் துணியில் புதிய உடை வேண்டும். ஊதா இந்தத் தவக்காலத்துக்கு இனி வந்து பயனில்லை. நவம்பர் 29 அன்று திருவருகைக் காலம் தொடங்கும்முன், நான் கொடுத்த துண்டோடு ஒத்துப் பார்த்துத் தைத்துத் தாருங்கள். மறுத்தால் கட்டிய 1,850 ரிங்கிட்டையும் திருப்பிக் கேட்டுப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடுவேன்.

ரோஜா உடையை மட்டும் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு நியாயமான விலை சொல்லுங்கள், தந்துவிடுகிறோம். டிசம்பர் 13 அன்று மீண்டும் தேவைப்படும்.

இப்படிக்கு,
பீட அலங்காரப் பொறுப்பாளர்